சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்றேன்

பிபி பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போதுதான் பாதி விஷயம் வெளியே வரும். டாக்டர் அறைக்குள் போய் "தலைசுத்தல்" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர், வெளியே இருக்கும் நர்ஸிடம் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லலாமான்னு தெரியல..." என்று ஆரம்பிப்பார். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது அதற்கடுத்த வரியில்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு வந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பெண்கள் எங்களிடம் சொல்லாமல் இருந்ததே இல்லை. கேட்டுக்கொண்ட நாங்கள்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். சீட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வைப்போம். டாக்டர் கண்ணில் பட்டால் உண்டு. படாவிட்டால் அந்தப் பெண் சத்து மாத்திரையோடு வீட்டுக்குப் போவார், மூன்று மாதம் கழித்து அதே தலைசுத்தலோடு வருவார், மறுபடி பட்டையைச் சுற்றுவோம்.

அட்வான்ஸ்டு ப்ராக்டிஸ் நர்ஸிங், அதாவது உயர்நிலை செவிலியப் பணி என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். கேட்டவரே பரிசோதிக்கலாம், டெஸ்ட் எழுதலாம், மருந்து தொடங்கலாம், அடுத்த மாதம் கூப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கான படிப்பும் பொறுப்பும் அவருக்கு உண்டு. மகளிர் நலப் பிரிவில் இந்தப் பணியில் இருக்கும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அப்ப நீங்க பாதி டாக்டரா?" இல்லை. முழு நர்ஸ்.

சர்வதேச செவிலியர் மன்றம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு முதுநிலைப் பட்டத்தைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பரிந்துரைக்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் தனியாகவே மருந்து எழுதலாம், இன்னோரிடத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும், சில இடங்களில் இப்படியொரு பதவி இன்னும் ஏட்டிலேயே ஏறவில்லை. ஆனால் வேலை புதிதல்ல. 1925-ல் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் ஆரம்பித்த சேவையில் நர்ஸ் மிட்வைஃப்கள் குதிரையேறிப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொது சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் ப்ராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் வந்து சேராத இடங்களில் நர்ஸுகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்குத்தான் பாடத்திட்டம் வந்தது.

வரலாறு போதும். அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

"பீரியட்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் வரும் பதில் "நார்மல்தான் சிஸ்டர்." இந்த "நார்மல்" என்பதை நான் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து தன் உடம்பை மட்டுமே பார்த்து வந்தவருக்கு, அதிகம் எது குறைவு எது என்று ஒப்பிட என்ன இருக்கிறது? ஆகவே கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். அதிகமாகப் போகிற நாளில் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்றுகிறீர்கள்? ராத்திரி மாற்றுவதற்கென்றே எழுந்திருப்பீர்களா? இரண்டு பேட் சேர்த்து வைப்பதுண்டா? கட்டி கட்டியாகப் போகுமா, எவ்வளவு பெரிது? அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்வீர்களா?

ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தொடும் வயது. முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். பீரியட்ஸ் நார்மல். பேட் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தார். "மொத மூணு நாள் ஆபீஸ்ல எந்திரிக்கும்போது நாற்காலியப் பார்த்துட்டுதான் எந்திரிப்பேன். அது எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "எங்கம்மாவுக்கும் இப்படித்தான். அக்காவுக்கும் இப்படித்தான்."

குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் என்பது அவருக்கு ஆறுதல். எனக்கு அது தடயம். ரத்தம் உறைவதில் குறை பரம்பரையாக வரும். வான் வில்லிபிராண்ட் நோய் அதில் முக்கியமானது. அடுத்த கேள்விகள் தானாகவே வந்து நிற்கின்றன. பல் பிடுங்கினபோது ரத்தம் நிற்க நேரமானதா? சும்மா இடித்துக்கொண்டாலே கன்றிப்போகுமா? மூக்கில் ரத்தம் வருமா? பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றினார்களா? இவற்றைக் கேட்க எந்த இயந்திரமும் வேண்டாம். ஐந்து நிமிடமும், பதிலை அவசரப்படுத்தாத முகமும் போதும்.

அவருடைய ஹீமோகுளோபின் 12.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு 12. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தே இல்லை. ஆனால் உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் 7. 15-க்குக் கீழ் போனாலே கையிருப்பு தீர்ந்தது என்று பொருள். 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சையைத் தொடங்குகிறவர்களும் நிறைய பேர். ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் சரியும். அதற்கு முன்பே மூச்சும் தலைமுடியும் தூக்கமும் சரிந்துவிடும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று எத்தனை பேரை அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

இரும்பு மாத்திரையிலும் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது அடுத்து வரும் இரும்பைக் குடலிலேயே மறித்துவிடுகிறது. அதனால் தினமும் மூன்று வேளை விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை பலருக்குப் போதுமானது. மலச்சிக்கலுக்குப் பயந்து பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டவர்களிடம் இதைச் சொன்னால் மறுபடி ஆரம்பிப்பார்கள். ஆனால் ரத்தப்போக்கைக் கவனிக்காமல் இரும்பை மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. ஸ்கேன் எடுத்து, கருப்பையில் வளரும் கட்டிகளான ஃபைப்ராய்டு, பாலிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போக்கு அதிகமான நாட்களில் மட்டும் எடுத்துக்கொள்ளும் டிரானெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனை வெளியிடும் கருப்பைச் சாதனம் இருக்கிறது. மருந்துகளிலேயே போக்கை அதிகம் குறைப்பது அதுதான். "அது குழந்தை வேண்டாம்னு வைக்கிறதுதானே?" என்பார்கள். அதற்கும்தான், இதற்கும்தான்.

ஒரு காலத்தில் ஒரு சுழற்சிக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிக ரத்தப்போக்கு என்று பாடப்புத்தகம் சொன்னது. யார் வீட்டில் அளந்து பார்க்கப் போகிறார்கள்? இன்றைய வழிகாட்டுதல்கள் கேட்பது வேறு: அந்தப் பெண்ணின் வேலையையும் உறவையும் மனதையும் அது தடுக்கிறதா? தடுக்கிறது என்றால் அதிகம்தான். எனக்குப் பிடித்த மாற்றம் இது. அளவுகோலை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வலியிலும் இதே கதைதான். மாதாமாதம் வாந்தியெடுக்கும் அளவுக்கு வலி, மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது உள்ளே ஆழத்தில் வலி என்று மூன்றும் சேர்ந்தால் கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸை யோசிக்க வேண்டும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், உலகமெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தொடங்கி நோயின் பெயர் தெரிய வருவதற்குள் பலருக்கு வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. "கல்யாணம் ஆனா சரியாயிடும்", "ஒரு குழந்தை பெத்தா சரியாயிடும்" என்று காத்திருந்த வருடங்கள் அவை. வயிற்றில் துளையிட்டுப் பார்த்தால்தான் உறுதி என்ற நிலையும் தளர்ந்துவிட்டது. 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், அறிகுறியையும் ஸ்கேனையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. அறிகுறியை யார் முழுதாகக் கேட்டு எழுதுகிறார்களோ, அவர்கள் கையில்தான் அந்த வருடங்கள் மிச்சமாகும்.

பெண் உடம்பைப் பற்றி மருத்துவத்துக்கே தெரியாமல் போனது கொஞ்சமல்ல. 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களிலிருந்து விலக்கச் சொன்னது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் குறையோடு பிறந்த சோகத்துக்குப் பிறகு வந்த பயம் அது, நோக்கம் கெட்டதில்லை. 1993-ல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த மருந்துகளின் அளவு பெரும்பாலும் ஆண் உடம்பை வைத்து வகுத்தது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களின் உடம்பு மெதுவாகவே வெளியேற்றுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் அது ரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆக அதே அமைப்பு குறைத்தது 2013-ல். அந்த மருந்து கடைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு.

சரி, பரிசோதனை அறை. இதைப் பற்றி எழுதச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன்.

பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் என்றாலே முகம் மாறும். முதல் அனுபவம் மோசமாக இருந்தவர்கள் அடுத்த பத்து வருடம் வர மாட்டார்கள். பரிசோதனைக்குக் கூட்டிப்போவதற்கு முன்பே, உடை மாற்றாமல், எதிரெதிரே உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்பது என் கட்டாயம். படுத்தபடி, கால்களை விரித்தபடி கேட்கிற கேள்விக்கு யாரும் மனதாரச் சம்மதம் சொல்வதில்லை. கருவியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். "நிறுத்துங்கன்னு சொன்னா அந்த நொடியே நிறுத்திடுவேன், காரணம் கேட்க மாட்டேன்" என்று சொல்வேன். ஒருவர் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். நிறுத்தினேன். "சும்மாதான் சிஸ்டர், நெஜமாவே நிறுத்துவீங்களான்னு பார்த்தேன், இப்ப பண்ணுங்க" என்றார்.

கருவியை வெதுவெதுப்பாக்குவது, சரியான அளவைத் தேர்ந்தெடுப்பது, நீர் அடிப்படையிலான ஜெல் கொஞ்சம் தடவுவது, இடுப்புக்குக் கீழே தலையணை வைப்பது, விரும்புகிறவர்கள் தாங்களே உள்ளே வைத்துக்கொள்ள விடுவது. எல்லாம் சில்லறை வேலைகள். கால்களைத் தூக்கி மாட்டும் தாங்கிகள் இல்லாமல், பாதத்தைக் கட்டிலிலேயே ஊன்றிப் பரிசோதித்தால் பெண்களுக்கு அசௌகரியமும் பாதுகாப்பற்ற உணர்வும் கணிசமாகக் குறைகிறது என்று 2006-ல் வந்த ஒரு சோதனை ஆய்வு காட்டியது. அப்புறமும் பல இடங்களில் தாங்கி அப்படியே இருக்கிறது. கட்டிலோடு சேர்ந்து வந்துவிட்டதால் இருக்கிறது, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் திசு மெலிந்திருக்கும். அவசரப்பட்டால் ரத்தமே வரும். முன்பு எப்போதோ பலாத்காரத்துக்கு ஆளானவர் உடம்பு, மனம் சொல்வதற்கு முன்பே இறுகும். தொடை இறுகுகிறதா, கால்விரல் மடங்குகிறதா, பேச்சு நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றுவிட்டால் நான் கையை எடுத்துவிடுவேன்.

இத்தனையும் எதற்கு? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 2022-ல் உலகில் சுமார் 3,50,000 பெண்கள் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எச்பிவி எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்தான் காரணம். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீதம். தடுப்பூசி இருக்கிறது. புற்றாக மாறப் பல வருடங்கள் எடுத்துக்கொள்வதால் நடுவில் பிடித்து அழிக்க நேரமும் இருக்கிறது. 2030-க்குள் சிறுமிகளில் 90 சதவீதத்துக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, பெண்களில் 70 சதவீதத்துக்கு 35 வயதுக்குள்ளும் மறுபடி 45 வயதுக்குள்ளும் பரிசோதனை, பாதிப்பு தெரிந்தவர்களில் 90 சதவீதத்துக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது, தெர்மல் கருவியால் அந்தத் திட்டை அங்கேயே சுட்டு அழிப்பது, இரண்டையும் பயிற்சி பெற்ற நர்ஸ் செய்யலாம்.

எச்பிவி டெஸ்டுக்குப் பெண் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பது இப்போது ஏற்கப்பட்டுவிட்டது. நல்ல பிசிஆர் டெஸ்டில் அதன் துல்லியம் நாங்கள் எடுப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். என் சக நர்ஸுகள் சிலருக்கு இதில் தயக்கம். சரியாக எடுப்பார்களா என்று. எனக்கு இல்லை. பத்து வருடமாக வராத ஒருவர் கழிப்பறைக்குள் போய் ஒரு நிமிடத்தில் குச்சியோடு திரும்பி வருகிறார் என்றால், ஸ்பெகுலத்தில் என் கைத்திறமையைக் காட்ட முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

அடுத்து நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். இவர்கள் எங்களிடம் நேராக வருவதில்லை, சுற்றி வருவார்கள். நெஞ்சு படபடப்புக்கு ஈசிஜி எடுத்திருப்பார்கள், மூட்டு வலிக்கு எக்ஸ்ரே, தூக்கமின்மைக்கு மாத்திரை, மறதிக்கு ஒரு ஸ்கேன். கோப்பு தடிமனாக இருக்கும். "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்ட மாதிரி ஒரு குறிப்புகூட அதில் இருக்காது. சுழற்சி தள்ளிப் போவது, திடீரென்று கழுத்துக்கு மேல் தீப்பிடித்த மாதிரி சூடு, ராத்திரி வியர்வையில் விழிப்பு, காரணமில்லாத கோபம் இவையெல்லாம் சேர்ந்தால், 45-க்கு மேல் மெனோபாஸை, அதாவது மாதவிடாய் நிற்பதை, நோக்கிய மாற்றம் என்று சொல்ல ஹார்மோன் டெஸ்ட் தேவையில்லை. கேட்டாலே போதும்.

ஹார்மோன் சிகிச்சை என்று வந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். 2002-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பிரிவை மார்பகப் புற்று உள்ளிட்ட அபாயங்களால் பாதியில் நிறுத்தினார்கள். தலைப்புச் செய்தி உலகமெல்லாம் போனது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது அதே வேகத்தில் போகவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிற, வேறு தடை இல்லாத பெண்ணுக்குக் கணக்கு வேறு. பெரும்பாலும் பயன் மேலே நிற்கும். இதைச் சொல்லிவிட்டு நான் முடிவை அவரிடம் விடுவேன். வேண்டாம் என்பவருக்கு ஹார்மோன் இல்லாத வழிகள் உண்டு. பிறப்புறுப்பு வறட்சிக்கும், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். ஒவ்வொரு தொற்றுக்கும் ஆன்டிபயாடிக் வாங்கி வாங்கிச் சலித்தவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்ல ஏன் இத்தனை வருடம் ஆனது என்று கோபம் வரும். வரத்தான் வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் தேர்வு கொடுப்பதில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வர வேண்டும். அப்படி வருகிறவர்களில் 10-ல் 1-க்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே கருப்பைப் புற்று இருக்கும். ஆனால் கருப்பைப் புற்று வந்தவர்களில் 10-ல் 9 பேருக்கு இந்த ரத்தம்தான் அறிகுறியாக இருந்திருக்கும். "மறுபடி வந்துச்சு, இன்னும் வயசாகலபோலன்னு சந்தோஷமா இருந்தேன்" என்று ஓர் அம்மா சிரித்தபடி சொன்னார். அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினேன்.

சிறுநீர்க் கசிவு பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை. "தும்மும்போது, இருமும்போது நனையுதா?" என்று கேட்டால் நிறைய பேர் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஆமாம் என்பார்கள். இடுப்புத்தள தசைப் பயிற்சியை 1948-லேயே ஆர்னால்டு கெகல் எழுதிவிட்டார். இன்றும் குறைந்தது மூன்று மாதம் அதைச் செய்து பார்ப்பதுதான் முதல் சிகிச்சை. சிக்கல் என்னவென்றால் துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலோர் தவறாகச் செய்கிறார்கள்: மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி, பிட்டத்தைச் சுருக்கி, சிலர் உள்ளிழுப்பதற்குப் பதில் கீழே முக்கி. விரலை வைத்துப் பார்த்து, "இப்ப இழுத்தீங்கல்ல, அதுதான், மூச்சு விட்டுக்கிட்டே இன்னொரு தரம்" என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும் பெஸரி வளையத்தை உள்ளே பொருத்துவதும் இதே பொறுமையைக் கேட்கும் வேலை. அளவு சரியில்லை என்றால் எடுத்துவிட்டு வேறொன்று. பொருத்தியபின் நடந்து பாருங்கள், குந்திப் பாருங்கள், சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள் என்று அரை மணி நேரம் போகும். அறுவை சிகிச்சைக்குப் பயந்து பல வருடம் கீழே ஏதோ தொங்குகிற உணர்வோடு இருந்தவர் அந்த அரை மணி நேரத்துக்குப் பின் நிமிர்ந்து நடப்பார்.

பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் எல்லோர் கண்ணும் குழந்தை மேல். தாய்க்கு பிபி ஏறுவது பிரசவத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கர்ப்பத்தை ஒட்டி பிபி ஆபத்தாக ஏறும் பிரீ-எக்ளாம்ப்சியா, குழந்தை பிறந்து ஆறு வாரம் வரைகூட முதல்முறையாகத் தலைகாட்டலாம். விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் தூக்கமில்லாத களைப்பு என்று விடாமல் பிபி பார்க்க வேண்டும். 160/110-ஐ எட்டி, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் இறங்காவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டிய அவசரம்.

மனதுக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் வந்த எடின்பரோ கேள்வித்தாள் இருக்கிறது, பத்தே கேள்வி. பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்தாவதில் பூஜ்யம் இல்லாவிட்டால் அவரை நான் அன்று தனியாக அனுப்ப மாட்டேன். தாளை நிரப்பும்போது கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்வது இதனால்தான், இதற்காக மட்டுமல்ல. வாழ்நாளில் மூன்றில் ஒரு பெண் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணவர் பக்கத்தில் நிற்கும்போது "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பது கேள்வியே அல்ல, சில நேரம் ஆபத்தும்கூட. தனியே பார்ப்பது எல்லோருக்கும் பொதுவான விதி என்று வைத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் சொன்னால், "நீங்க ஏன் இன்னும் அங்க இருக்கீங்க?" என்று கேட்கக் கூடாது. நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும், இன்று ராத்திரி பாதுகாப்பா என்று கேட்க வேண்டும், அடுத்த அடியை அவர் வேகத்துக்கு விட வேண்டும்.

இவ்வளவு அதிகாரம் நர்ஸுக்கு எதற்கு என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பிரசவ ரத்தப்போக்கைக் காட்டுவேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில் புதிய மருந்து எதுவும் கிடையாது. ரத்தத்தைக் கண் மதிப்பில் விடாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைப் பிசைந்துவிடுவது, அதைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் நின்ற மிட்வைஃப்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. போன் போட்டு, ஆள் வந்து, பார்த்து, உத்தரவு வாங்குகிற நேரத்தில் போய்க்கொண்டிருந்த உயிர்கள் அவை.

அதற்காக எல்லாம் எங்களால் ஆகும் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில் கையை விட வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்துத்தான் இந்தப் பணிக்கு வருகிறோம். மார்பில் கெட்டியாக, நகராமல் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நான் தனியாக யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன். அனுப்பும் கடிதத்தில் "வயிற்று வலி, பார்க்கவும்" என்று எழுதாமல், எத்தனை மாதம், எதனால் கூடும், என்ன கொடுத்துப் பார்த்தோம், எதைச் சந்தேகிக்கிறேன், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எழுதுவேன். கடைசி விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு சர்ஜன், "இதை ஏன் எழுதுறீங்க?" என்று கேட்டார். மயக்க மருந்துக்குப் பயந்து கையெழுத்துப் போட மறுத்த பெண்ணைப் பற்றிய கடிதம் அது. இப்போது அவரே அந்த வரியைத் தேடுகிறார்.

கடைசியாக, யாருக்கும் பெருமை தராத ஒரு வேலை. மாதிரி எடுத்து அனுப்புகிற எல்லா இடத்திலும் சொல்கிற வாக்கியம்: "ரிசல்ட் பத்தி போன் வரலைன்னா நார்மல்னு எடுத்துக்கோங்க." எனக்கு இதைக் கேட்டாலே ஆகாது. போன் வராததற்கு லேபில் குச்சி தொலைந்தது, நம்பர் மாறியது, போனை வேறு யாரோ எடுத்து வைத்துவிட்டது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். அதனால் எடுத்த ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரி, அனுப்பிய தேதி, வந்த தேதி, அவரிடம் நேரில் சொன்ன தேதி, பாசிட்டிவ் என்றால் சிகிச்சை முடிந்த தேதி என்று நோட்டு வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, ஆனால் திறந்து பார்த்தால்தான் தெரியும். நோட்டு மேஜை மேலேயே கிடக்கும். காலியான கட்டம் கண்ணை உறுத்தும். மாதக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்றுதான் கேட்கிறார்கள், அந்த எண் பெரிதாக இருந்தால் கைதட்டுகிறார்கள். கடைசிக் கட்டம் எத்தனை பேருக்கு நிரம்பியது என்று கேட்டால் அறை கொஞ்சம் அமைதியாகும். நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதத்திலிருந்து அந்த எண்ணையும் பலகையில் எழுதுகிறார்கள், சின்ன எழுத்தில்.